எண்பது என்று படித்த கார்

சோமசேகரத்தாரின் புதுக்காருக்குக் கண் இருக்கிறது என்று லிங்கநகர் முழுக்கத் தெரியும். அவர்தான் வீடு வீடாகச் சொல்லித் திரிந்தார். முன்கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற கமரா வீதியோரத்து வேகப் போர்டைப் படிக்குமாம். ஸ்டியரிங்கில் ஒரு பொத்தானை அமத்திவிட்டால், ஐம்பது என்று போட்ட இடத்தில் ஐம்பதுக்கு மேல் ஓடாதாம், எழுபது என்று கண்டால் தானே எழுபதுக்கு ஏறுமாம். சாரதி சும்மா வட்டத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தால் காணுமாம்.

அந்தச் சும்மா இருக்கிற சாரதி லாபிர், கிண்ணியாக்காரன். இருபத்திரண்டு வருசமாக மணல் லொறி, கலியாண வான் என்று ஓடி, ஒருநாளும் ஒரு பொலிஸ்காரன் அவன் பெயரை எழுதியதில்லை. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு மரக்கறியும் தண்ணீரும் கொடுக்கிற சோமசேகரத்தாரிடம் வந்து மூன்று வருசம். அந்த மனிசனின் வாயைச் சகித்த மூன்று வருசம் என்றுதான் சொல்ல வேண்டும். பழைய காரில் அப்படி ஓட்டு, இப்படி ஓட்டு என்று ஏச்சு. புதுக்கார் வந்த பிறகு ஓட்டாதே என்று ஏச்சு. மாடு குறுக்கே வந்தது, பிரேக்கைத் தொட்டான் என்றால் பொத்தான் விட்டுப்போகும், திரும்ப அமத்த வேண்டும். உடனே பின்சீற்றிலிருந்து தொடங்கிவிடுவார். காருக்கு இருக்கிற மூளையில் அரைவாசிகூட உனக்கு இல்லை என்பார். லாபிர் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பான்.

அன்று சனிக்கிழமை காலை, நிலாவெளி வீதியால் போய்க்கொண்டிருந்தார்கள். சோமசேகரத்தார் தலைவராக இருக்கிற விளையாட்டுக் கழகத்துக்கு எண்பது வயது முடிகிறது, விழாக் கூட்டம். கார் ஐம்பதில் ஒழுங்காகத்தான் போனது. சல்லிக் கிராமத்துக்குத் திரும்பும் சந்தியை நெருங்க, ஒருவரும் ஒன்றும் செய்யாமலே வேகம் கூடியது. அறுபது, எழுபது. சந்தியிலிருந்து சைக்கிளில் கருவாட்டுப் பெட்டியோடு ஏறி வந்தான் சுகிர்தன் என்ற பெடியன். லாபிர் பிரேக்கை மிதிக்கத்தான் செய்தான். பிந்திவிட்டது. சைக்கிளின் பின்சில்லில் அடிபட்டு, சுகிர்தன் றோட்டோரக் கல்லில் போய் விழுந்தான். வலது கை முழங்கைக்குக் கீழே இரண்டாக முறிந்தது.

பொலிஸில் சோமசேகரத்தார் வாய் கூசாமல் சொன்னார்: "நான் மெதுவாப் போகச் சொன்னனான். இவன் கேக்கேல்லை. காலை வைச்சு அமத்தினவன். என்ர கார் போர்டைப் பாத்து ஓடுற கார், அது பிழை விடாது."

மூன்று வருசம் லாபிர் கதவு திறந்து விட்ட மனிசன், முகத்தைக்கூடத் திருப்பாமல் முழுப்பழியையும் தூக்கி அவன் தலையில் கட்டுகிறார். சார்ஜன்ட் தனஞ்சயன் லைசன்ஸை வாங்கி வைத்துக்கொண்டார். புதன்கிழமை கோட்டில் நீதவான் அதைக் குற்றம் என்று முடித்தால் லைசன்ஸ் போய்விடும். லைசன்ஸ் போனால் லாபிருக்கு வேறு தொழில் தெரியாது. வீட்டில் மனைவி றுக்கியா சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் இருந்தாள், அவ்வளவுதான்.

அடுத்த நாள் பஸ் ஏறி அதே சந்திக்குப் போய் இறங்கினான். வெயிலில் ஒரு மணித்தியாலம் நின்று ஒவ்வொரு கம்பமாகப் பார்த்தான். சந்திக்கு முன்னால் உள்ள மின்கம்பத்தில் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு வட்டத் தகரம் கட்டியிருந்தது. வெள்ளைத் தகரம், சுற்றிவரத் தடித்த சிவப்பு வளையம், நடுவில் கறுப்பில் பெரிதாக எண்பது. கழகத்தின் பெயர் அடியில் எறும்பு எழுத்தில். அட பாவி மனுசா என்று லாபிர் வாய்விட்டே சொன்னான். எண்பதாவது ஆண்டு விழாவுக்குத் தலைவர் தன் கையால் தெரிந்தெடுத்த சின்னம் அது. வழி நெடுகக் கட்டச் சொல்லிக் காரில் இருந்தே கட்டளை போட்டதை லாபிர் காதால் கேட்டவன்.

கார் இதைத்தான் வேகப் போர்டு என்று படித்தது என்று போய்ச் சொன்னபோது சார்ஜன்ட் முதலில் நம்பவில்லை. சோமசேகரத்தார் சிரித்தார். பிள்ளைக்குக்கூட விழாச் சின்னத்துக்கும் றோட்டுப் போர்டுக்கும் வித்தியாசம் தெரியும், இவ்வளவு விலை போட்ட காருக்குத் தெரியாதோ என்று கேட்டார். ஓட்டிப் பார்ப்போம் என்று அவரே சொன்னார். வேண்டாம் என்றால் காருக்குத்தானே மரியாதைக் குறைவு.

திங்கட்கிழமை காலை இரண்டு பொலிஸ்காரர் வாகனங்களை மறித்துக்கொண்டு நின்றார்கள். இடத்தைக் காட்டவென்று சுகிர்தனும் வந்திருந்தான். கையில் மாவுக்கட்டு, முகத்தில் கடுகடுப்பு. பொலிஸ் அனுமதியோடு லாபிர் ஸ்டியரிங்கில், சார்ஜன்ட் முன்சீற்றில், சோமசேகரத்தார் பின்சீற்றில்.

முதல் தரம் கார் ஐம்பதிலேயே அந்தக் கம்பத்தைக் கடந்தது. சோமசேகரத்தார் செருமினார். திருப்பிக்கொண்டு வந்து இரண்டாம் தரம் போனார்கள். அப்போதும் ஐம்பதுதான். சனியன் பிடித்த கார், அன்றைக்குப் படித்ததை இன்றைக்குப் படிக்க மாட்டேன் என்கிறதே. வெயில் விழுகிற பக்கமோ, காற்றில் தகரம் திரும்பியதோ, யாருக்குத் தெரியும்.

"காணும் சார்ஜன்ட்," என்றார் சோமசேகரத்தார். "கள்ளன் ஆரெண்டு விளங்கிட்டுது."

"இன்னும் ஒருக்கா சேர்," என்றான் லாபிர். "நான் ரெண்டு காலையும் சீற்றுக்கு மேல எடுத்து வைக்கிறன். எல்லாரும் பாக்கட்டும்."

சார்ஜன்ட் அவனை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுச் சரி என்றார். வேகம் ஐம்பதைப் பிடித்ததும் லாபிர் செருப்பைக் கழற்றிவிட்டு, சாப்பாட்டுக்கு இருப்பது போல் சீற்றில் காலை மடக்கி இருந்தான். கை மட்டும் ஸ்டியரிங்கில். கம்பம் கிட்ட வந்தது. முன்னால் உள்ள சின்னத்திரையில் ஐம்பது போய், சிவப்பு வளையத்துக்குள் எண்பது வந்தது. கார் சீறிக்கொண்டு ஏறியது. அறுபது. எழுபது. சுகிர்தன் நின்ற சந்தி நேரே வந்தது. பொலிஸ்காரர் ஒருவர் ஓரத்துக்குப் பாய்ந்தார்.

"பிரேக்கைப் பிடியடா, கார் தானா ஓடுது!" என்று சோமசேகரத்தார் பின்னாலிருந்து கத்தினார்.

லாபிர் காலை இறக்கி மிதித்தான். கார் குலுங்கி, சந்திக்கு நல்ல தூரம் முன்னாலேயே நின்றது. சார்ஜன்ட் பொக்கற்றிலிருந்து பேனையை எடுத்தார்.

"ஐயா, இப்ப நீங்கள் சொன்னதை அப்பிடியே எழுதுறன். வாசிச்சுப் பாத்து ஒப்பம் வையுங்கோ."

சோமசேகரத்தாரின் முகத்தில் ஈயாடவில்லை. தகரம் கட்டியது யார் என்று சார்ஜன்ட் அடுத்துக் கேட்டபோது, கழகத்துப் பெடியள் என்று முணுமுணுத்தார். தலைவர் யார் என்று சார்ஜன்ட் கேட்டார். லாபிருக்கு நெஞ்சு குளிர்ந்தது, பொய் சொல்வானேன். காரின் திறப்பைக் கழற்றிச் சோமசேகரத்தாரின் மடியில் போட்டுவிட்டு, இனி உங்கட மூளைக்காரனையே ஓடச் சொல்லுங்க என்று சொல்லிக்கொண்டு இறங்கினான். மூன்று வருசத்துக்கும் சேர்த்து அந்த ஒரு வசனம் போதுமாக இருந்தது.

தலை நிமிர்ந்துதான் சுகிர்தனிடம் நடந்து போனான். நான் மிதிக்கல்ல தம்பி, நீங்க கண்ணால கண்டீங்கதானே என்றான். சுகிர்தன் தன் கையைப் பிடித்து இரண்டு வார்த்தை நல்லதாகச் சொல்வான் என்று ஒரு எண்ணம்.

சுகிர்தன் கையைக் கொடுக்கவில்லை. காரையும் சந்தியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இண்டைக்கு உதில நிப்பாட்டினனீ," என்றான். "அண்டைக்கும் கார் அந்தக் கம்பத்தில இருந்துதானே கூடினது. உனக்கு விளங்கேல்லையோ?"

"விளங்கினதுதான்."

"அப்ப ஏன் உடன பிரேக் பிடிக்கேல்ல?"

சார்ஜன்ட் எழுதுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். லாபிர் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். இருபத்திரண்டு வருசத்தில் எத்தனை பொய் கேட்டிருப்பான். ஆனால் அந்த மாவுக்கட்டு கண்ணுக்கு முன்னால் நின்றது.

"பிரேக்கைத் தொட்டா அவர் ஏசுவார்," என்றான். "காரே குறைக்கும் எண்டு பாத்துக்கொண்டு இருந்தன்."

"அந்தாள் ஏசுறதுக்குப் பயந்து என்ர கையை முறிச்சனீ," என்றான் சுகிர்தன். சொல்லிவிட்டு, சார்ஜன்ட் பக்கம் திரும்பி, இதையும் எழுதுங்கோ என்றான்.

சார்ஜன்ட் தாளைத் திருப்பி எழுதத் தொடங்கினார்.