யானைத்தோல்

மாலையில் பேசவேண்டிய பேச்சைக் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார் பேராசிரியர். "கோடானுகோடி ஆண்டுகளுக்கு முன்..." என்னும் இடத்தில் கையை எவ்வளவு உயர்த்துவது என்பதில்தான் இன்னும் தெளிவு பிறக்கவில்லை. அவர் கண்டெடுத்த கல்லுக்கு அன்று தனிக்கூடம் திறக்கிறார்கள். கசக்கிப் போட்ட மேசைவிரிப்புபோல் சுருக்கம் விழுந்த கல். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கடலடி மணலில் தோலாய்ப் படர்ந்து, சுருங்கி, அப்படியே இறுகிப்போன தடம். மாணவர்கள் கல்லுக்கு வைத்த பெயர் யானைத்தோல். நாளடைவில் அது அவருக்கே ஒட்டிக்கொண்டது. எந்தக் கேலியும் உறைக்காத மனிதர், பொருந்தத்தான் செய்தது.

காலை நடை போன மனைவி செருப்போடு உள்ளே வந்தாள். "உங்க கல்லு ஏரிக்கரை நெடுக வெளைஞ்சு கெடக்குங்க."

"வெளையறதுக்கு அதென்ன கத்தரிக்காயாடி?"

"வந்து பாத்துட்டு சிரிங்க."

போனார். தண்ணீர் இறங்கிய ஓரத்தில் கரும்பச்சைத் தோலொன்று மணலைப் போர்த்தியிருந்தது. அதே சுருக்கம். முதலில் பெருமைதான் பொங்கியது. இதை அச்செடுத்துக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்தால் முதலாளி அசந்துபோவார்! கூடத்தைக் கட்டிக்கொடுத்த புண்ணியவான். ஏரிக்கு மேற்கே ஓடும் ஆலையும் அவருடையதுதான். அளவு பார்க்கக் குனிந்தபோது பேச்சின் அடுத்த வரி தானாக வாயில் வந்தது: "நத்தையும் புழுவும் உள்ள இடத்தில் இந்தத் தோல் தங்காது, மேய்ந்து தீர்த்துவிடும். மேய ஓர் உயிரும் மிஞ்சாத இடத்தில்தான்..." இங்கேயும் கை உயரவேண்டும். உயரவில்லை.

"கால் வைக்க முடியாம நத்தை கெடக்குமே இங்க," என்றாள் மனைவி. "ஒண்ணையும் காணோம். கொக்குகூட வரல. நம்ம குழாய்ல வர்றது இந்தத் தண்ணிதானே? மாசமா இருக்கிற நம்ம பொண்ணு குடிக்கிறது?"

"கூட்டம் முடியட்டும். நானே முதலாளிகிட்ட பக்குவமா சொல்றேன்."

"மேடையில சொல்லுங்க. பக்குவமா சொன்னா பக்குவமா மறந்துடுவாரு."

மாலை, கூடம் நிரம்பி வழிந்தது. கல்லையே பேசவைத்தவர் என்று முதலாளி புகழ்ந்தார், கைதட்டல் ஓயவில்லை. பேராசிரியர் எழுந்ததும் முதலாளி தம் கையாலேயே ஒரு டம்ளர் தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தினார். "தொண்டைய நனைச்சுக்கிட்டு பேசுங்க சார். நம்ம ஏரித் தண்ணி, தேன் மாதிரி இருக்கும்."

முன்வரிசையில் மகள் பாட்டிலைத் திறந்தாள். மனைவி அதன் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டு மேடையையே பார்த்தாள்.

"கோடானுகோடி ஆண்டுகளுக்கு முன்..."

பழக்கத்தில் கை உயர்ந்தது. உயர்ந்த கை இறங்கவில்லை. அடுத்த வரியும் வரவில்லை. குனிந்து டம்ளரைப் பார்த்தார். ஆறிய பாலில் படிவதுபோல் தண்ணீர்மேல் மெல்லிய ஏடு படிந்திருந்தது. அவர் மூச்சுப் பட்டதும் அது மெல்லச் சுருங்கியது.