இரண்டு அளவுக்கல், ஓர் ஏரி

1
இது கதையாகப் பிறக்கவில்லை. நகராட்சியைப் பற்றி இரண்டு பக்கக் குறிப்பு வேண்டும் என்று கமிஷனர் கேட்டார். “கிழக்கரை, மேற்கரை ஆகிய இரு ஊர்களும் இணைந்து உருவான, இயற்கை எழில் கொஞ்சும் எங்கள்...”

அடித்துவிட்டேன். செங்கல் சூளையில் மண் மிதித்து வளர்ந்தவன் நான். எழில் யாரைக் கொஞ்சியது என்று எனக்குத் தெரியாது.

2
மறுபடி. “மதகைத் திறந்து மூடுபவர் ஒரு கிழக்கரைக்காரி.”

இது நிற்கும். ஏரியில் எட்டு அடி வந்தால் அவள் மதகைத் திறக்க வேண்டும்.

[ஏரியின் நீர்மட்டம் பார்க்க ஊருக்கு ஓர் அளவுக்கல் உண்டு. மேற்கரைக் கல்லை இரண்டு அடி மேட்டில் நட்டிருந்தார்கள். கிழக்கே எட்டு என்றால் மேற்கே ஆறு. ஊர்களை இணைத்தவர்கள் கற்களை ஒப்பிடவில்லை. ‘ஒரே ஏரிக்கு ரெண்டு ஆளா?’ என்று கிழக்கே கல் பார்ப்பவரை மட்டும் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.]

இணைந்தபின் வந்த முதல் மழை. மேற்கரைக் கல்லைப் பார்க்கும் ஏரிக் காவலர் போனில் சொன்னார்: “ஆறு அடிதாம்மா.”

இன்னும் இரண்டு அடி இருக்கிறதே என்று அவள் திறக்கவில்லை. பொழுது சாய்வதற்குள் மேற்கரைச் சூளைத் தெருவில் முழங்கால் தண்ணீர். காயப்போட்ட, இன்னும் சுடாத பச்சைச் செங்கல் எல்லாம் சேறு.

3
விசாரணையில் அவளுடைய வேலை ஊசலாடியது. காவலரைக் கைகாட்டியிருந்தால் தப்பித்திருப்பாள்.

(அந்தக் காவலர் என் அப்பா. முதல் வரியிலேயே சொல்லியிருக்க வேண்டும். துணிச்சல் வரவில்லை.)

“அவரு எட்டுன்னுதான் சொன்னாரு சார். நாந்தான் தெறக்காம இருந்துட்டேன்.”

அப்பா தலை நிமிரவில்லை. செங்கல் கரைந்துபோன மேற்கரைச் சூளைக்காரி எழுந்தாள்.

“கிழக்கரைக்காரி வாயத் தொறந்தா பொய்தான்னு எங்க மாமியா சொல்லும். இன்னைக்குத்தான் நேர்ல பாக்கறேன்.”

மேற்கரை பெஞ்சு சிரித்தது.

“அண்ணன் போன் பண்ணப்ப பக்கத்துல நின்னவ நானு. ஆறுன்னுதான் சொன்னாரு. அவரு கல்லுல ஆறு, இவ கல்லுல எட்டு. ரெண்டு ஊரையும் சேத்தீங்களே சார், ரெண்டு கல்லையும் யாரு சேத்துப் பாத்தது?”



4
முடிவு ஒன்று: அவளை நீக்குகிறார்கள். முடிவு இரண்டு: மாற்றல்... இரண்டையும் எழுத எனக்குக் கை வரவில்லை. நடந்தது இவ்வளவுதான்: மறுநாள் அப்பா பெயின்ட் டப்பாவோடு இடுப்பளவு நீரில் இறங்கி, மேற்கரைக் கல்லில் ஆறை அழித்து எட்டு என்று எழுதினார். கரையில் நின்று டப்பாவின் மூடியைப் பிடித்துக்கொண்டிருந்தவள் அவள்தான். “கோணலா இருக்குண்ணே.” “இருக்கட்டும்மா. கணக்கு நேரா இருக்குல்ல.”

அவள் வேலை பற்றிய உத்தரவு இன்னும் வரவில்லை. அச்சுக்குப் போகுமுன் இந்தக் குறிப்பை முதலில் படிக்கப்போகிறவர் கமிஷனர். ஐயா, என் அப்பாவுக்காகப் பொய் சொன்னவளுக்கும், அவளுக்காக உண்மையைச் சொன்னவளுக்கும் நான் கடன்பட்டவன். கடைசி வரியை உங்களுக்கு விட்டிருக்கிறேன். பேனா உங்களிடம்தான் இருக்கிறது.

எங்கள் நகராட்சியில் இன்றும் மதகைத் திறந்து மூடுபவர்