இரண்டு கேட்டிலும் ஆள்

குடோனுக்கு இரண்டு கேட். மேற்கே ஒன்று, லாரி வரும் ரோட்டில். கிழக்கே ஒன்று, ரயில் தடத்தை ஒட்டி. காலையில் மேஸ்திரி எந்தக் கேட்டில் வந்து ஆள் எடுப்பார் என்பது யாருக்கும் தெரியாது. அதனால் மூட்டை தூக்குகிறவர்கள் வீட்டுக்கு இரண்டு பேராகப் பிரிந்து நிற்பார்கள். ஒரு கேட்டில் பேர் கூப்பிட்டால் மறு கேட்டில் நிற்பவனுக்கு ஒரு விசில். ஓடி வந்துவிடுவான்.

கொக்கி இருபத்தாறு வருஷமாக அப்படித்தான் வேலைக்குப் போனார். மேற்குக் கேட்டில் அவர், கிழக்குக் கேட்டில் மச்சினன் ரேடியோ. வாய் மூடாத ஆள் என்பதால் அவனுக்கு அந்தப் பேர். இவருக்குக் கொக்கி என்று பேர் வந்தது, இரும்புக் கொக்கியை ஒரு மூட்டையில் மாட்டிவிட்டால் அதைத் தோளில் ஏற்றாமல் விடமாட்டார் என்பதால். ஈர மூட்டையோ, ஓட்டை மூட்டையோ, மாட்டியது மாட்டியதுதான்.

இப்போது முதுகு போய்விட்டது. டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இந்த வருஷத்தோட நிறுத்திக்கங்க. இல்லன்னா அதுவே நிறுத்திரும்" என்றார்.

நிறுத்தினால் சாப்பாட்டுக்கு ஒரு வழி வேண்டும். வழி அவர் மனைவியின் கையில் இருந்தது. அவள் ஒரு ஷெட்டில் லாரிகளுக்குத் தார்பாய் தைக்கிறாள். மெஷின் ஷெட்டுக்காரருடையது, லாபமும் அவருடையது. சொந்தமாக ஒரு மெஷின் இருந்தால் லாரிக்காரர்கள் நேராக வீட்டுக்கே வருவார்கள். அவள் தைப்பாள். இவர் உட்கார்ந்தபடி ஓரத்தில் வளையம் அடிக்கலாம். புது மெஷின் வாங்க வேண்டுமென்றால் இருக்கிற வீட்டையே விற்க வேண்டும், அதுவும் வாடகை வீடு.

அப்போதுதான் மூடிப்போன ஒரு தொழிற்சாலையின் மெஷின் ஏலத்துக்கு வந்தது. கனத்த ஊசி, இரட்டைப் பாதம், மோட்டார் நல்ல நிலையில். போனில் படம் பார்த்தாள் மனைவி. விரலால் பெரிதாக்கி, ஊசி இறங்கும் இடத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதே மெஷின் இரண்டு கம்பெனியிலும் இருந்தது. ஒன்று நீலக் கம்பெனி, இன்னொன்று ஆரஞ்சுக் கம்பெனி. போனைத் திறந்தால் இந்த இரண்டு நிறம்தான். இரண்டும் ஏலம் விடும், இரண்டும் தனித்தனியாகப் பணப்பை வைத்திருக்கும். நீலக்காரன் கூரியர் இலவசம் என்றால் மறுநாள் ஆரஞ்சுக்காரன் கூரியரும் இலவசம், கூடவே ஒரு கூப்பனும் என்பான். அந்தக் கூப்பனுக்காகவே இவர்கள் சேமிப்பைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். நீலப் பணப்பையில் பதினெட்டாயிரம், ஆரஞ்சில் பதினாலாயிரம்.

"எதுல கேக்குறது?" என்றாள்.

"ரெண்டு கேட்லயும் ஆள் நிறுத்துவோம். நான் நீலத்துல. நீ ஆரஞ்சுல. எவன் கூப்பிட்டாலும் வேலை நமக்கு."

"ஏலம் முடியுறப்ப உங்களுக்குப் போன் பண்ணவா?"

"பண்ணாத. கால் வந்தா ஸ்கிரீனை மறைச்சுரும். கடைசி நிமிஷத்துல அழுத்த முடியாது."

செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டரைக்கு ஏலம் முடிகிறது. சாப்பாட்டு நேரத்தில் கொக்கி வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஏழு மூட்டை உயர அட்டியின் மேல் ஏறி மல்லாந்து படுத்தார். அந்த மாத்திரை வலியைக் குறைப்பதில்லை. வலியைத் தூக்கிக் கொஞ்ச தூரம் தள்ளி வைக்கும். அங்கிருந்து அது இவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். கூரைத் தகரத்தின் ஆணி ஓட்டைகள் வழியாக வெயில் கம்பி கம்பியாக இறங்கியது. ஒவ்வொரு கம்பியிலும் சாக்குத் தூசி மெதுவாக மேலே போனது, அவசரமே இல்லாமல். கீழே ரேடியோ யாரிடமோ பேசுவது தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல் கேட்டது.

போனில் இருபத்தோராயிரத்து ஐந்நூறு என்று நின்றது. கொக்கி எழுநூறு ஏற்றினார். அவர் எதையும் ஏழாகத்தான் எண்ணுவார். அட்டிக்கு ஏழு மூட்டை, ஏழு நடைக்கு ஒரு பீடி. அழுத்திவிட்டுக் கண்ணை மூடினார். போன் உதறியது. எவனோ ஐந்நூறு ஏற்றியிருந்தான்.

மறுபடி எழுநூறு. மறுபடி ஐந்நூறு.

அந்த எவனோ ஒருத்தனை அவர் அரைத் தூக்கத்தில் பார்த்தார். குளுகுளு அறை, சுழலும் நாற்காலி, வெள்ளை விரல். இரக்கமே இல்லாமல் ஏற்றுகிறான். பிறகு அறை கலைந்தது. நீளமான வெள்ளைத் தரை ஒன்று, நடுவில் ஒரே ஒரு மூட்டை. இந்தப் பக்கம் இவர் கொக்கியை மாட்டி இழுக்கிறார். அந்தப் பக்கம் எவனோ மாட்டி இழுக்கிறான். மூட்டை இங்கேயும் வரவில்லை, அங்கேயும் போகவில்லை, இழுக்க இழுக்க ஊதிக்கொண்டே போகிறது. எதிரே நிற்பவன் முகத்தை மூட்டை மறைக்கிறது. பாதம் மட்டும் தெரிகிறது. பழகிய பாதம்போல் இருக்கிறதே என்று நினைக்கும்போது போன் மறுபடி உதறியது.

"மாமா, செத்துட்டீங்களா, தூங்குறீங்களா?" ரேடியோ அட்டியில் பாதி ஏறித் தலையை நீட்டினான்.

"ஒருத்தன் விட மாட்டேங்குறான்டா."

"எவ்வளவு?"

"இருபத்தெட்டாயிரத்து எழுநூறு. இப்பத்தான் போட்டான்."

"யார்ரா அவன், வீட்ல சொல்லிட்டு வந்தானா இல்லையா? பொண்டாட்டி நாலு வைச்சா அடங்குவான். இன்னும் எத்தனை நிமிஷம்?"

"நாலு."

கொக்கி இருபத்தொன்பதாயிரத்து நானூறு என்று அழுத்தினார். காத்திருந்தார். போன் சும்மா இருந்தது. மூன்று நிமிஷம். தூசி மேலே போய்க்கொண்டே இருந்தது. இரண்டு. எதிரே இழுத்தவன் கையை எடுத்துவிட்டான் என்பதை அவர் முதுகு முதலில் உணர்ந்தது. இழுத்த வேகத்தில் பின்னால் சாய்வதுபோல் ஒரு உணர்ச்சி. ஒன்று. பிறகு நீலத்தில் பெரிய எழுத்து: மெஷின் உங்களுடையது.

ரேடியோ விசில் அடித்தான். அந்தப் பழைய கேட் விசில். அது அடங்குவதற்குள் மனைவியின் அழைப்பு வந்தது.

"உங்களுக்குத்தானே விழுந்துச்சு?"

"உனக்கெப்படித் தெரியும்?"

"ஏங்க, உங்க எதிர்ல ஏத்துனது நான்தாங்க."

கொக்கி எழுந்து உட்கார்ந்தார். முதுகு கத்தியது.

அவள் நிதானமாகத்தான் சொன்னாள். அவள் ஒவ்வொரு முறை ஐந்நூறு ஏற்றும்போதும் எவனோ எழுநூறு ஏற்றியிருக்கிறான். ஆறு முறை பார்த்திருக்கிறாள். உலகத்தில் எல்லாரும் ஐந்நூறு ஏற்றுவார்கள், ஆயிரம் ஏற்றுவார்கள். ஏழு ஏழாக ஏற்றுகிற ஆள் அவளுக்குத் தெரிந்து ஒருத்தர்தான். ஷெட்டில் கணக்கெழுதும் அக்காவைக் கேட்டாளாம். விற்கிறவர்கள் ஒரே பொருளை இரண்டு கம்பெனியிலும் போட்டு, நடுவே ஒரு ஏற்பாடு வைத்திருப்பார்கள். இங்கே ஏறும் விலை அங்கேயும் தானாக ஏறும். நீலக்காரன் விலையை ஆரஞ்சுக்காரன் விடமாட்டான், ஆரஞ்சுக்காரன் விலையை நீலக்காரன் விடமாட்டான்.

"நாலு நிமிஷம் இருக்கும்போது போனை மெஷின் மேல கவுத்து வெச்சுட்டேன்" என்றாள். "நீங்களா இல்லாம வேற எவனாவது இருந்திருந்தா போயிருக்கும்."

"எவ்வளவு வீணா ஏத்திருப்போம்?"

"அதைக் கேக்காதீங்க. வயிறு எரியும்."

கொக்கிக்குப் பத்து வருஷத்துக்கு முந்தைய ஒரு காலை ஞாபகம் வந்தது. மேஸ்திரி கிழக்குக் கேட்டில் குறைவாகக் கேட்கிறார்கள் என்று மேற்கில் சொன்னார். மேற்கில் குறைத்ததைக் கிழக்கில் போய்ச் சொன்னார். இவரும் ரேடியோவும் ஒருவர் கூலியை ஒருவர் வெட்டிக்கொண்டு, சாயங்காலம் பாதிக் காசோடு வீட்டுக்கு வந்தார்கள். அன்று இறங்கியது. இன்று ஏறியது. கேட் இரண்டு என்றால் குடோனும் இரண்டு என்று இந்த வயசிலும் நினைத்திருக்கிறார்.

சரி, மெஷின் கிடைத்துவிட்டது, பணம் கட்டுவோம் என்று அழுத்தினார். நீலப் பணப்பையில் பதினெட்டாயிரம். மீதியை ஆரஞ்சுப் பணப்பையிலிருந்து எடுக்கலாம் என்று போன வாரம்வரை ஒரு வழி இருந்தது. இப்போது அந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வரி: உங்கள் பாதுகாப்புக்காக வெளிப் பணப்பைகள் நிறுத்தப்பட்டுள்ளன. எப்போது நிறுத்தினான்? ரேடியோ போனை வாங்கித் தடவினான்.

"போன வாரமே தகவல் அனுப்பிருக்கான் மாமா. கீழ 'சரி'ன்னு அழுத்திருக்கீங்க."

"அவன் எதைக் கேட்டாலும் நான் சரின்னுதான் அழுத்துறேன்."

"அக்காகிட்டயும் அப்படித்தான். அதான் குடும்பம் ஓடுது."

ஒரு கம்பெனியின் பணம் மற்றதற்குப் போக வேண்டுமென்றால் பேங்க் வழியாகச் சுற்றி வர வேண்டும். இரண்டு வேலை நாள். நீலம் கொடுத்த கெடு ஒரு நாள். புதன் மதியம் இரண்டரை. ரேடியோ தெரிந்தவர்களிடம் கடன் கேட்டுப் பார்த்தான். மாதக் கடைசி. எல்லாரும் இவனிடம்தான் கேட்டார்கள். நீலக் கம்பெனிக்குப் போன் செய்தால் ஒரு பெண் குரல் தமிழில் இனிமையாகப் பேசியது, எதைச் சொன்னாலும் முதல் எண்ணை அழுத்தச் சொன்னது.

அன்று சாயங்காலம் விளக்கு போடும் நேரத்தில் மனைவி இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சட்டதிட்டங்களை ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தாள். தையலைப் பிரித்துப் பார்க்கும் அதே முகம்.

"ஜெயிச்சவன் கெடுவுக்குள்ள கட்டலன்னா அடுத்த ஆளுக்குப் போகும், அந்த ஆளு எந்தக் கம்பெனில கேட்டிருந்தாலும்னு போட்டிருக்கான்."

"அடுத்த ஆளு யாரு?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கொக்கிக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது.

"எனக்கு ஒரு நாள் கெடு குடுப்பான்" என்றாள். "இப்பவே நீலத்துல இருக்கறதை பேங்குக்குத் தள்ளிவிட்டா வியாழன் காலைல ஆரஞ்சுல இருக்கும். என் விலைக்கே போதும். எழுநூறு மிச்சம் வேற."

"அப்ப நான் கட்டாம விடணும்."

"விடணும்."

"விக்கிறவன் அடுத்த ஆளுக்குக் குடுக்காம மறுபடி ஏலம் போட்டுட்டா?"

"போடலாம். நான் நாலு நிமிஷம் கவுத்து வெச்சேனே, அந்த மாதிரிதான் இதுவும்."

கட்டாமல் விட்டால் இவர் பேருக்கு நேரே சிவப்பில் ஒரு முத்திரை விழும், 'எடுத்துவிட்டுக் கைவிட்டவர்' என்று. ஒரு வருஷம் உள்ளே விடமாட்டான். கொக்கி அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை லாரி, எத்தனை மழை. பலகை வழுக்கி முழங்கால் உரிந்த நாளில்கூட மூட்டையை மேலே சேர்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். அவருக்கென்று ஊரில் இருந்த சொத்து அது ஒன்றுதான்.

"உங்களுக்கு மனசு கேக்கலன்னா வேண்டாங்க" என்றாள்.

அவர் போனை எடுத்து, பதினெட்டாயிரத்தையும் பேங்குக்குத் தள்ளினார். நீலப் பணப்பை பூஜ்யம் ஆனது.

புதன்கிழமை மதியம் அதே அட்டி, அதே மாத்திரை, அதே வெயில் கம்பிகள். போனில் நேரம் பின்னோக்கி ஓடியது. வெள்ளைத் தரை மறுபடி வந்தது. நடுவில் அந்த மூட்டை. இந்தத் தடவை கொக்கியை மாட்டியவர் இவர் ஒருத்தர்தான். எதிரே யாரும் இல்லை, தூரத்தில் ஒரு கேட் திறந்திருக்கிறது, அதற்கு அப்பால் வெளிச்சம் மட்டும். கை கொக்கியை விட மறுத்தது. ஒவ்வொரு விரலாகப் பிரித்தார். சுண்டு விரல், மோதிர விரல். கட்டை விரல்தான் கடைசிவரை முரண்டு பிடித்தது.

இரண்டரை. போனில் சிவப்பு முத்திரை விழுந்தது. அவர் பேர், அதற்கு நேரே அந்த இரண்டு சொல்.

ரேடியோ கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டே முக்கால். மூன்று. மேஸ்திரி வெளியே லாரியைப் பின்னால் எடுக்கச் சொல்லும் சத்தம் கேட்டது. கொக்கி இறங்கிப் பலகையருகே போய் நின்றார். போன் சட்டைப் பையில் உதறியது.

"ஏங்க." ஷெட்டின் மெஷின் சத்தத்துக்கு நடுவே அவள் குரல் வந்தது. "எனக்கு வந்துருச்சு. நாளை மதியம்வரைக்கும் கெடு."

"என்னன்னு போட்டிருக்கான்?"

"முதல் ஆளு விலகிட்டாரு, உங்களுக்கு விருப்பமான்னு கேக்குறான்." ஊசியை ஓட்டிக்கொண்டே சொன்னாள். "யாரோ ஒரு கையாலாகாத ஆளு போலிருக்கு. தூக்க முடியாம போட்டுட்டுப் போயிட்டான்."

கொக்கி சிரித்தார். சிரிப்பு முதுகில் போய் இடித்தது, பலகையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ என்ன அழுத்துன?"

"சரின்னு."

"படிச்சுப் பாத்துட்டா?"

"ரெண்டு தடவை."

லாரியிலிருந்து ரேடியோ கூப்பிட்டான். கொக்கி போனைப் பைக்குள் வைத்தார். கொக்கியை எடுக்கக் கை போனது. பிறகு அதைச் சுவரில் இருந்த ஆணியிலேயே விட்டுவிட்டு, மூட்டை எண்ணுகிறவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.