நாச்சியா கொண்டுவந்த கவ்லானிக் கோப்பி

இருபத்தொரு வருஷம் சவூதியில் கிடந்துவிட்டு வந்த நாச்சியா கல்முனைக்குக் கொண்டுவந்த சாமான்களில் ஒரு கிலோக் கோப்பிதான் ஆருக்கும் பிடிக்காமல் போனது. கவ்லானிக் கோப்பி. ஜீசான் மலைப்பக்கம் விளைகிறது. சவூதிக்காரர்களே பெருநாளுக்கும் கலியாணத்துக்கும் என்று பொத்திப் பொத்தி வைக்கிற சாமான். மகள் றிஸ்லா ஒரு வாய் குடித்துவிட்டு, வைக்கோல் அவித்த தண்ணி என்றாள். மருமகன் சீனியும் பால்மாவும் போட்டுப் பார்த்தார். ஏலக்காய் வாசத்தோடு வெறுமனே குடிக்கிற கோப்பிக்குப் பால்மா போட்டால் அது என்னத்துக்கு ஆகும்?

அவர்கள் குடிக்காவிட்டால் போகட்டும். தனியே குடிக்க நாச்சியாவுக்கு ஏலாது, அதுதான் சங்கடம். றியாத்தில் அவள் பார்த்துக்கொண்ட கிழவிக்குக் கண் தெரியாது. பின்னேரம் அஸர் தொழுதபிறகு தன் கையாலேயே தடவித் தடவி ஊற்றி, முதல் கோப்பையை நாச்சியாவிடம்தான் நீட்டுவாள். பெத்த மக்கள் மாதத்துக்கு ஒருக்கா எட்டிப் பார்த்தால் பெரிய காரியம். கிழவி மௌத்தாகிப் பத்தாம் நாள் அந்த மக்கள் டிக்கெட்டையும் மிச்சக் கோப்பியையும் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இப்போது சொந்த ஊரில், அஸர் நேரமானால் நாச்சியா ஆரும் பார்க்காமல் அழுதாள். வேலைக்காரியாக இருந்த வீட்டை நினைத்து ஒருத்தி அழுகிறாள் என்றால் ஊர் சிரிக்காதா?

மருதமுனையில் ஹவ்வா உம்மா என்று ஒருத்தி, அவளும் றியாத்தில் வேலை செய்து வந்தவள், தனியே இருக்கிறாள் என்று கேள்விப்பட்டதும் நாச்சியாவுக்கு உசிர் வந்தது. கோப்பியை ஒரு போத்தலில் போட்டுக்கொண்டு ஓட்டோ பிடித்துப் போனாள்.

ஹவ்வா உம்மா முகம் மலர்ந்துதான் வரவேற்றாள், குசினியையும் விட்டுக்கொடுத்தாள். கொதித்து வாசம் எழும்பியதுதான் தாமதம், மனுஷி வெளியே ஓடி முற்றத்தில் நின்றாள். பதறிப் பின்னால் போன நாச்சியாவுக்குச் சட்டைக் கையை இழுத்துக் காட்டினாள். முழங்கை வரைக்கும் தோல் வெந்து சுருங்கிக் கிடந்தது. ஏலக்காய் குறைந்துபோச்சு என்று வீட்டுக்காரி கொதிக்கக் கொதிக்க ஊற்றினாளாம். எட்டு வருஷத்தில் அந்தக் கோப்பியில் ஒரு மிடறு கொடுத்ததில்லையாம்.

இந்தச் சாமான் உனக்கு எப்படி வந்தது என்று கேட்டாள். கிழவி ஊற்றித் தருகிறதை நாச்சியா தயங்கித் தயங்கிச் சொன்னாள். கேட்கக் கேட்க ஹவ்வா உம்மாவின் முகம் செத்துப்போனது. இதை நம்பினால் தன் எட்டு வருஷமும் இன்னும் கனத்துப்போகும் என்று பயந்த முகம் அது.

"மறைக்காமச் சொல்லு புள்ள. உனக்கும் அடிச்சாங்கதானே?"

கிழவி ஒரு நாளும் கடுஞ்சொல் சொன்னதில்லை. மகளே என்றுதான் கூப்பிடுவாள். நாச்சியா நிலத்தைப் பார்த்தாள்.

"ஓம் ராத்தா. அடிச்சாங்க."

ஹவ்வா உம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு கோப்பியை முற்றத்தில் கொட்டிவிட்டு, வெறுந்தேத்தண்ணி போட்டுவந்து பக்கத்தில் ஒட்டி இருந்தாள். இனி நாளாந்தம் வா, நாம ரெண்டு பேரும் கதைச்சிருப்பம் என்றாள். நாச்சியா தலையாட்டினாள்.

கிழவி என்னத்தால அடிக்கிறவள் என்று ஹவ்வா உம்மா கேட்டாள். நாச்சியா தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, செருப்பால என்றாள்.