நகர்த்திய குடை

ஆதம்பாவா பயணத்தில் எதையும் கீறமாட்டான். பென்சிலைக்கூட வீட்டில் வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவான். கொழும்பு வாரப்பத்திரிகை ஒன்றில் ‘ஊசி’ என்ற பேரில் கேலிச்சித்திரம் போடுகிறவன் இப்படி வெறுங்கையோடு வருவதைப் பார்த்துப் பெண்சாதி சுபைறாவுக்குச் சிரிப்பு வரும்.

“வெள்ளாமைக்காரன் மம்பட்டி இல்லாம வயலுக்குப் போறாப்போல இரிக்கு உங்கட போக்கு.”

“கண்ணுல படுறதெல்லாம் வேணுமா புள்ள? ஊட்டுக்கு வந்து படுத்தா வேண்டாதது மறந்து போகும். மிஞ்சினதக் கீறினாச் செரி.”

அதுதான் அவன் தொழில். பகலில் மருதமுனைத் தறிகளில் நெய்யும் சாறன்களுக்குக் கரை வேலைப்பாடு வரைந்து கொடுப்பான். மற்ற நேரமெல்லாம் ஆட்களை மென்றுகொண்டிருப்பான். அக்கரைப்பற்றுக்குக் கந்தூரிக்குப் போனால் ஒரு மூக்கு, மட்டக்களப்புக்குப் புடவை எடுக்கப் போனால் ஒரு தொந்தி. குடும்பம் எங்கே போனாலும் அவனுக்கு அங்கே அறுவடைதான்.

நம் ஊர்களில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து ஏறுகிறவன். ஆதம்பாவா ஏறிய கல்முனை வீட்டில் சுபைறாவும், மகள் றபீக்காவும், சுபைறாவின் வாப்பா மீராசாஹிபு மரைக்காரும் இருந்தார்கள். பள்ளிவாசலில் தன் குடிக்கு மரைக்காராக இருந்து நியாயம் பேசுகிற மனிதர். சுபைறாவின் உம்மா மௌத்தாகி வருசங்கள் ஆகியிருந்தன. ஆண்பிள்ளை இல்லாத அந்த மனிதர் மருமகன் மேல் வைத்திருந்த பட்சத்தை என்னவென்று சொல்ல! அவருக்கு எழுத்து வாசிக்க வராது, படம் வாசிக்க வரும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பத்திரிகையை வாங்கி, மடிப்புக் கலையாமல் ஷரிபுதீனின் தேத்தண்ணிக் கடைக்குக் கொண்டு போவார். எல்லாரும் சூழ்ந்த பிறகுதான் விரிப்பார். அவருக்கும் அப்போதுதான் முதல் பார்வை.

“உருவம் கீறுறது ஹறாமெல்லோ, மரைக்கார்?” என்று பள்ளியில் ஒருவர் கேட்டபோது, “அது உருவமில்ல காக்கா, அது ஊசி. குத்துப்பட்டவன் கத்துவான், மத்தவன் சிரிப்பான்” என்று சொல்லிக் கேட்டவர் வாயை அடைத்தவரும் மரைக்கார்தான்.

ஐம்பத்தாறாம் ஆண்டுத் தேர்தலுக்கு முந்திய மாரி அது. மரைக்காரின் தம்பி பொத்துவிலில் பெண்ணெடுத்து அங்கேயே இருந்தார். அவர் மகளுக்குக் கலியாணம். நாலு பேரும் புறப்பட்டார்கள். மரைக்காரின் வலது கால் பெருவிரலில் ஒரு துணி சுற்றியிருந்தது. முள்ளுக் குத்தியிருக்கும் என்று ஆதம்பாவா நினைத்தான். அதற்கு மேல் அந்தத் துணியைப் பற்றி நினைக்கவில்லை.

திருக்கோவில் தாண்டி, கோமாரிக்கு இந்தப் பக்கம் பஸ் நின்றது. றோட்டுத் தாழ்ந்து போகும் தாம்போதிக்கு மேலால் மழைவெள்ளம் குறுக்கே பாய்ந்துகொண்டிருந்தது. அக்கரையில் வேறு பஸ் நின்றது. தம்பிலுவில் வாலிபர்கள் சிலர் ஆட்களையும் மூட்டைகளையும் தோளில் ஏற்றிக் கடத்திக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவன் கனகரெத்தினம், மரைக்காரின் வயலில் சூடு மிதித்து நெல் எடுத்துக் கொடுத்தவன். வயல்காரரான அவரைப் போடியார் என்பான்.

“போடியார்! ஏறுங்க என்ட தோளில.”

“வேணாண்டா. நான் கிழவன், கனப்பேன்.”

“நெல்லு மூட்டையவிடவா? நெல்லு மூட்டை வாய் காட்டாது, அதுதான் வித்தியாசம்.”

கிழவர் சிரித்தபடி ஏறினார். செருப்பைக் கக்கத்தில் இடுக்கினார். சாறன் தொங்கலைப் பல்லில் கடித்தார். குடையை விரித்துப் பிடித்தார். மழை சரிந்து அடித்தது. சுபைறாவும் பிள்ளையும் மூட்டைகளோடு, வேறு ஆளுக்கு இடமில்லாத ஒரு சின்னத் தோணியில் போனார்கள். ஆதம்பாவா பின்னால் இடுப்பளவு தண்ணீரில் நடந்தான். நடந்தபடி பார்த்தான்.

பொத்துவிலில் கலியாணம் நடந்தது, சோறு தின்றார்கள், தண்ணீர் வடிந்த பிறகு திரும்பி வந்தார்கள்.

பத்திரிகைக்காரர் தேர்தலுக்கு ஒரு படம் கேட்டிருந்தார்: ஏழைகளிடம் வாக்குக் கேட்டு வரும் பெரிய மனிதன். ஆதம்பாவா ஏணியில் ஏற்றிப் பார்த்தான், மாட்டுவண்டியில் இருத்திப் பார்த்தான். எல்லாம் யாரோ சப்பித் துப்பிய கரும்பு மாதிரி இருந்தது. ஊருக்கு வந்து படுத்து எழும்பியபோது தாம்போதிதான் மிஞ்சியிருந்தது.

தறிக்கொட்டிலின் மூலையில் தாளை விரித்துக் கண்டபடியே முதலில் கீறினான். ஒரு கிழவன், ஒரு வாலிபன், மழை, குடை. பார்த்தால் நெஞ்சு இளகியதே தவிரப் பல்லுத் தெரியவில்லை. தாளைக் கிழித்தான். மறுபடி கீறினான். எது தடுக்கிறது என்று தேடினான். குடைதான் தடுத்தது. அதைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்தினான். இப்போது மேலே இருப்பவன் நனையவில்லை. கீழே சுமப்பவன் மேல் குடையின் தண்ணீர் முழுக்கக் கொட்டியது. ஆதம்பாவா தன்னையறியாமல் சிரித்தான். காலில் இருந்த துணி பரிதாபம் காட்டியது, அதை நீக்கினான். முகத்துக்குக் கொழும்புச் சந்தையில் எப்போதோ கண்ட ஒரு கொழுத்த தாடை, உடம்புக்கு ஒரு கோட்டு. கக்கத்துச் செருப்பையும் பல்லில் கடித்த சாறனையும் கண்டபடியே வைத்தான். கீழே ஒரு வரி: ‘உங்கள் பாரத்தைச் சுமக்க வந்திருக்கிறேன்!’

முகத்தை மாற்றினால் ஆள் மாறிவிடும் என்று நம்பினான். கொழும்பில் அது சரியாக இருக்கலாம். வயல்வெளிப் பக்கம் முகத்தைப் பார்த்தா ஆளை அறிகிறோம்? அரை மைல் தூரத்து வரம்பில் ஒரு புள்ளி அசைந்தாலே, இன்னார் வருகிறார், இன்ன கோபத்தில் வருகிறார் என்று சொல்லிவிடுகிற சனம் இது. தண்ணீர் கண்ட இடத்தில் செருப்பைக் கக்கத்திலும் சாறனைப் பல்லிலும் வைக்கிற மனிதர் கல்முனையில் ஒருவர்தான் இருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமையும் அவர் பத்திரிகையை மடிப்புக் கலையாமல் கொண்டுபோனார். மேசையில் விரித்தார்.

ஷரிபுதீன் தேத்தண்ணிக் கோப்பையோடு குனிந்து பார்த்தான்.

“யா அல்லாஹ், மரைக்கார் மாமா! இது நீங்கதானே!”

கடை குலுங்கியது. ஒருவன், “மாமாக்கு குதிரை எங்கால கிடைச்ச?” என்றான். “குதிரை இல்லடா, மனிசக் கழுதை” என்றான் மற்றவன். மீராசாஹிபுவும் முதலில் சேர்ந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே படத்தை வாசித்தார். குடைக்கு வந்ததும் நிறுத்திவிட்டார்.

வீட்டுக்கு வந்து பத்திரிகையை மருமகன் முன்னால் வைத்தார்.

“மருமகன், குடைய ஏன் தம்பி நகட்டின நீங்க?”

ஆதம்பாவா படத்தின் தாடையில் விரலை வைத்தான். “மாமா, அது நீங்க இல்ல. முகத்தப் பாருங்க…”

“நான் முகத்தக் கேக்கல்ல. கனகரெத்தினத்துக்கு அண்டைக்கு முதல்நாள்தான் காய்ச்சல் விட்டிருந்த. அவன்ட தலைக்கு மேலதான் நான் குடை புடிச்ச. என்ட முதுகெல்லாம் நனைஞ்ச. பின்னால வந்த நீங்கதானே?”

“அப்படிக் கீறினாச் சிரிப்பு வராது, மாமா.”

கிழவர் தலையை ஆட்டினார். “ஓம். சிரிச்சானுகள். நல்லாத்தான் சிரிச்சானுகள்.”

அதற்குப் பிறகு அவர் அந்தக் கதையை எடுக்கவில்லை. ஊர் விடவில்லை. தேர்தல் காலம் அல்லவா? மரைக்கார் எந்தக் கட்சிக்கு ஆதரவு என்பது எல்லாருக்கும் தெரியும். எதிர்ப்பக்கத்தார் அந்தப் படத்தை வெட்டிச் சந்தைச் சுவரில் ஒட்டினார்கள். சின்னப் பொடியன்கள் ஒருவன் தோளில் ஒருவன் ஏறிக்கொண்டு அவர் வாசலால் ஓடினார்கள். பள்ளியில் ஒரு காணித் தகராறு விசாரணைக்கு வந்தபோது, “தோளில ஏறிப் பழகின ஆளு, ஏழைக்கு என்ன நியாயம் சொல்லுற?” என்று எவனோ பின்வரிசையில் கேட்டான். மீராசாஹிபு எழும்பி வந்துவிட்டார். அன்றிலிருந்து தொழுகைக்குக் கடற்கரைத் தைக்காவுக்குப் போனார்.

அப்போதுதான் சுபைறா கணவனிடம் சொன்னாள்: “வாப்பாட கால்ல சீனி வருத்தத்துப் புண். மம்பட்டி பட்ட காயம், ஆறுதில்ல. தண்ணி படக்கூடாது எண்டு டொக்டர் சொன்ன. கலியாணத்துக்குப் போக விடமாட்டீங்க எண்டு உங்களுக்குச் சொல்ல வேணாமெண்டார். அதுக்காகத்தான் அந்த மனிசன் தோளில ஏறின. ஆசைக்கு ஏறல்ல.”

ஆதம்பாவா அன்றே உட்கார்ந்து உள்ளபடி கீறினான். குடை வாலிபனின் தலைக்கு மேலே, கிழவரின் முதுகில் மழை, காலில் துணி. முகமும் மீராசாஹிபுவின் முகமே. கொழும்புக்கு அனுப்பினான், இதில் பகிடி எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். ஷரிபுதீனின் கடைக்குக் கொண்டுபோனான்.

ஷரிபுதீன் ஒருமுறை பார்த்தான், இருமுறை பார்த்தான். பிறகு வெடித்துச் சிரித்தான். “இப்ப மாமாக்குக் காலில பட்டியும் கட்டியாச்சா! எலே, வந்து பாருங்கடா, இரண்டாம் பாகம்!”

“இது பகிடி இல்ல ஷரிபுதீன். இதுதான் நடந்த.”

“ஊசி கீறினா பகிடிதான் மச்சான். நீங்க அழுகிறாப்போல கீறினாலும் எங்களுக்குச் சிரிப்புத்தான் வரும்.”

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் ஆதம்பாவாவை வீடு வரை குத்திக்கொண்டு வந்தது.

பின்மாரியில் ஒருநாள் வாய்க்கால் உடைந்து மரைக்காரின் வயலில் வெள்ளம் ஏறியது. கதிர் பழுக்கிற நேரம். கிழவர் ஓடினார். உடைந்த வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்தான் அவர் காணி. இந்தக் கரையில் கனகரெத்தினம் நின்றான். குனிந்து தோளைக் கொடுத்தான்.

“ஏறுங்க போடியார். கால்ல புண்ணெல்லோ?”

“ஒதுங்கு.”

“ஊரான் கதைக்கு நீங்க…”

“நான் இனி ஆர்ட தோளிலயும் ஏறமாட்டன்டா. உன்னையும் கழுதையாக்கினவன் நான்.”

சாறனை உயர்த்தவுமில்லை, செருப்பைக் கழற்றவுமில்லை. அப்படியே இறங்கி நடந்தார். பொழுது படும்வரை சேற்றில் நின்று அணை கட்டுவித்தார். கனகரெத்தினம்தான் பிறகு வந்து இதைச் சொல்லி அழுதான்.

காய்ச்சல் பிடித்தது. விரல் கறுத்தது, பிறகு பாதம். ஒரு காரைப் பிடித்து மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார்கள். பின்னாசனத்தில் கிழவர் மகளின் மேல் சாய்ந்து கிடந்தார். வாய் ஒருபக்கம் இழுத்திருந்தது, தாடை தொங்கியது, ஒரு கை காரின் குலுக்கலுக்குத் தாளம் போடுவதுபோல் ஆடியது. முன்னாசனத்தில் இருந்த ஆதம்பாவா திரும்பிப் பார்த்தான். கலிமா சொல்ல வேண்டும் என்று நினைத்தான். சொன்னான். சொல்லிக்கொண்டே பார்த்தான். நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் ஒரே கோடு. அந்த ஒரு கோட்டைப் பிடித்தால் ஆள் முழுக்க வந்துவிடுவார். அவன் நினைத்துச் செய்யவில்லை, மக்காள். சத்தியமாக நினைத்துச் செய்யவில்லை. முழங்காலில் கிடந்த அவன் சுட்டுவிரல் சாறன் மேல் அந்தக் கோட்டை மெல்ல இழுத்தது. ஒருமுறை இழுத்து, பிழை என்று கண்டு, திருத்தி இன்னொருமுறை இழுத்தது.

தலையை உயர்த்தினான். சுபைறா அவன் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மீராசாஹிபு ஆஸ்பத்திரி வாசலைக் கண்டார். உள்ளே போய் அதிக நேரம் இருக்கவில்லை. கல்முனைக்குக் கொண்டுவந்து அடக்கினார்கள். சுவரில் படம் ஒட்டியவர்களும் வந்தார்கள். ஷரிபுதீன் தேம்பித் தேம்பி அழுதான். கத்தம் ஓதி முடிந்து சனம் கலைந்தது.

ஆதம்பாவா தன் பெட்டியை எடுத்துத் துடைத்து வைத்திருந்தான். அவளே போகச் சொல்லுவாள் என்று காத்திருந்தான். வீடு அவளுடையது, சொல்ல அவளுக்கு உரிமை இருந்தது. அவள் சொல்லவில்லை. சோற்றைப் போட்டுக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். முக்காட்டை முகத்துக்கு மேலால் இழுத்துவிட்டு, சுவரைப் பார்த்து நின்றாள்.

“பெட்டிய உள்ள வைங்க. புள்ளைக்கு வாப்பா வேணும். எனக்கும் ஒரு ஆம்புள இல்லாம ஏலாது. இரிங்க.”

“சுபைறா…”

“ஒண்டு மட்டும் கேக்கன். எங்களப் பாக்காதீங்க.”

“இனிக் கீறமாட்டன், புள்ள. அல்லாஹ் மேல…”

“கீறுறத நான் கேக்கல்ல. நீங்க கீறாட்டியும் உங்கட கண் கீறுது. வாப்பாட உசிரு போற நேரமும் கீறின. நான் அழுகிறதும் உங்களுக்குள்ள ஒரு படமாப் போய்க் கிடக்கும். எனக்கு அது வேணாம்.”

அவள் குசினி அடுப்படிக்குப் போய்விட்டாள். அவன் சோற்றைப் பிசைந்தபடி இருந்தான். பக்கத்தில் சின்னக் காலடி கேட்டது. றபீக்கா. பழக்கத்தில் அவன் தலை நிமிர்ந்தது. பிள்ளை இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். ஒளித்துப் பிடிக்கிற விளையாட்டாக்கும் என்று அவன் சிரித்தான். விரல்கள் விலகி ஒரு கண் தெரியும் என்று காத்திருந்தான். விரல்கள் விலகவில்லை.

“உம்மா,” என்று பொத்திய கைக்குள்ளிருந்து பிள்ளை கூப்பிட்டது, “வாப்பா இன்னும் பாக்கார்.”

அவன் கண்ணைச் சோற்றுக் கோப்பைக்குத் தாழ்த்தினான்.