கிளட்ச் இல்லாத வண்டியில் என் இடது கால்

அன்று கிடங்கின் பின்முற்றத்தில் இருந்தவர்கள் நான்கு பேர்: நான், கிடங்கு மேலாளரான என் சம்பந்தி, லாரி ஓட்டப் பயிற்சி கொடுக்கும் அவருடைய இளைய மகள் (என் மருமகனின் தங்கை), ‘ஒலிபெருக்கி’ என்று எல்லோரும் கூப்பிடும் மெக்கானிக். ஐந்தாவதாக யாராவது பார்த்ததாகச் சொன்னால் நம்ப வேண்டாம்.

கியர் லாரிகளையெல்லாம் மாதக் கடைசியில் விற்கப்போகிறார்கள். ஆட்டோமேட்டிக் தேர்வில் தேறாத ஓட்டுநருக்கு வாயில் காவல் வேலை. நான் தேறாவிட்டால், சம்பந்தியின் காரைக் கண்டதும் எழுந்து நின்று, தினம் இரண்டு வேளை தடுப்புக்கம்பியைத் தூக்க வேண்டும். நாங்கள் பெண்ணைக் கொடுத்தோம்; முதுகெலும்பைக் கொடுக்கவில்லை.

முப்பத்தொரு வருடம் கியர் போட்ட கை அன்று அடங்கிக்கொண்டது. இடது கால்தான் அடங்கவில்லை. முதல் சுற்றில் வேகம் குறைந்ததும் அது இல்லாத கிளட்சைத் தேடிப் போய் பிரேக்கை ஏறி மிதித்தது. முழுப் பாரத்தோடு வண்டி குத்திட்டு நின்றது. பக்கத்தில் இருந்தவளின் தண்ணீர் பாட்டில் கண்ணாடியில் மோதி விழுந்தது.

“மாமா, இதுல கிளட்ச் இல்ல.”

“எனக்குத் தெரியும்மா. காலுக்குத் தெரியல.”

“அண்ணே, கேட்டுக்கு ஒரு விசில் வாங்கி வைக்கட்டுமா?” என்று கீழிருந்து கத்தினான் ஒலிபெருக்கி.

சம்பந்தி ஜன்னலருகே வந்து குரலைத் தாழ்த்தினார். “நம்ம வீட்டு விஷயம் சம்பந்தி. தேறிட்டீங்கன்னு எழுதிடலாம்.”

“கையெழுத்து போடறது நான்பா” என்றாள் மகள்.

“ஓட்டிக் காட்டினா மட்டும் போடும்மா” என்றேன்.

இறங்கினேன். தார்ப்பாய்க் கயிற்றில் இரண்டு முழம் அறுத்து, இடது கணுக்காலை இருக்கையின் அடிக்கம்பியோடு நானே கட்டினேன்.

“இந்த வயசுல இன்னொரு கால்கட்டா அண்ணே?”

“முதல் கட்டையே உங்க அண்ணி இன்னும் அவிழ்க்க விடல. வாயை மூடுடா.”

காலி முற்றத்தில் ஆறு சுற்று. முதல் மூன்றில் வேகம் குறையும்போதெல்லாம் கயிறு கணுக்காலை அறுத்தது. ஆறாவதில் தொய்ந்தே கிடந்தது.

“கட்டிக்கிட்டு ரோட்டுக்குப் போக முடியாது மாமா. இப்ப தேர்வு. அவிழ்த்துட்டு சரிவுல ஏத்துங்க.”

அவிழ்த்தேன். சரக்கு ஏற்றும் சரிவின் நடுவில் நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினேன். மறுபடி எடுக்கும்போது இடது தொடை விண்ணென்று இழுத்தது. பாதத்தை அசையவிடவில்லை. வலது கால் மட்டும் வேலை செய்தது. வண்டி ஒரு சாண்கூடப் பின்வாங்காமல் மேலே ஏறியது. அவள் பாட்டிலைத் திறந்து மடியில் வைத்திருந்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை.

அப்பாவின் முகத்தைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டாள்.

காலைக் கட்டிக்கொண்டுதான் தேறினேன், அதுவும் சம்பந்தியின் தயவில் என்று இப்போது உறவில் ஒரு பேச்சு. தவறு. கட்டியது பயிற்சியில். தேர்வின்போது கயிறு என் சட்டைப்பையில் இருந்தது.