மூன்று நிறத்தில் ஒரு நிலா

டமால்!

வாசல் கேட் அதிர்ந்த சத்தத்தில், அவள் கையிலிருந்த தூரிகை படத்து ஏரியின் நடுவே ஒரு கோடு இழுத்துவிட்டது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். ஸ்கூட்டர் கேட் தூணில் முட்டிக்கொண்டு நின்றது. பக்கத்தில் முழங்காலைத் தேய்த்தபடி அவள் கணவன். பேருந்து ஓட்டுநர், கூட்டாளிகளுக்கு 'பைலட்'.

"என்னங்க ஆச்சு?"

"இந்தத் தூண் நேத்தும் இங்கதான் இருந்துச்சா?"

"இல்ல, ராத்திரி நான்தான் நகர்த்தி வச்சேன்!"

அவன் சிரித்தான். அவள் தூணையே பார்த்தாள். போன வாரம் பூந்தொட்டி, இன்று தூண். கண் டாக்டர் என்று வாயெடுத்தாலே பேச்சை மாற்றிவிடுகிறான். திங்கட்கிழமை முதல் அவனுக்கு மலைப்பாதை வண்டி. வருடக்கணக்கில் கேட்டுக் கேட்டு வாங்கிய தடம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், முதுகுக்குப் பின்னால் ஒரு வண்டி நிறைய ஜனம்.

கோட்டைத் துணியால் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். ஒரு ஹோட்டல் வரவேற்பறைக்கான படம். நீலம், பழுப்பு, வெள்ளை, மூன்றே நிறம். நீலத்தையும் பழுப்பையும் குழைத்தால் இருட்டு. நீலம் கொஞ்சம் தூக்கலானால் மலை, பழுப்பு தூக்கலானால் மரம். நிலாவுக்கு எதுவும் பூசவில்லை; வெறும் கான்வாஸையே வட்டமாக விட்டிருந்தாள். வெள்ளைக்குக் கடைசியில்தான் வேலை. எல்லாம் காய்ந்த பிறகு, அதை நீர்க்கக் கரைத்துப் பூசினால்தான் பனி.

முகம் கழுவிக்கொண்டு வந்தவன், அவள் தோளில் தாடையை வைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தான்.

"அடேயப்பா! மூணே கலர்ல ஊரையே ஏமாத்திடுவே போலிருக்கே."

"நிஜமா நல்லா இருக்கா?"

"அந்தப் பனி ஒண்ணு போதும்டி! மலை இருக்கா இல்லையான்னே தெரியல. நிலாவைச் சுத்திப் புகை மாதிரி... சாயங்காலம் தெருவிளக்கைப் பார்த்தா இப்படித்தான் இருக்கும். அப்படியே பிடிச்சிட்டே."

அவள் கை நின்றுவிட்டது. மெல்லத் திரும்பி அவன் கன்னத்தைத் தொட்டாள். விரல் நீலம் அங்கே ஒட்டிக்கொண்டது. மேசைமேல் கிடந்த வெள்ளை டியூபை எடுத்து, அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினாள்.

"பனிக்கு வச்சிருக்கிற வெள்ளை இதுதாங்க. தடவிப் பாருங்க, நான் இன்னும் மூடியே திறக்கல."